மிசாகாவின் மூன்று ஆட்டங்கள்

வாட் மிசாகாவின் தொழில்முறைக் கூடைப்பந்து வாழ்க்கை ஒரே வரியில் அடங்கிவிடும்: 1947, நியூயார்க் நிக்ஸ் அணி, 3 ஆட்டங்கள், 7 புள்ளிகள். ஆள் எடுக்கும் வேலையில் இருக்கும் எனக்கு இப்படிப்பட்ட வரிகள் பழக்கம். பயோடேட்டாவில் ஓரிரு மாதத்தில் முடிந்த வேலை தென்பட்டால் கண் அங்கேயே நிற்கும். "ஏன் அவ்வளவு சீக்கிரம் விட்டுட்டீங்க?" என்று கேட்போம். எதிரே இருப்பவரின் முகம் சுருங்கிவிடும். சிலர் பழைய மேலாளரைக் குறை சொல்வார்கள், சிலர் குடும்பக் காரணம் என்பார்கள்.

மிசாகா அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தின் ஆக்டன் நகரில், ஜப்பானியப் பெற்றோருக்கு 1923-ல் பிறந்தவர். அப்பாவுக்கு முடிதிருத்தும் கடை. அவர் இறந்தபின் அம்மாதான் கடையைப் பார்த்துக்கொண்டார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் எதிரியானபோது, மேற்குக் கடற்கரையிலிருந்து ஜப்பானிய வம்சாவளியினரைக் குடும்பம் குடும்பமாக அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்தது. அவற்றில் ஒன்றான டோபாஸ் யூட்டாவிலேயே இருந்தது. மிசாகாவின் குடும்பம் உள்நாட்டில் வசித்ததால் தப்பியது. தன் இனத்தவர் முள்வேலிக்குள் கிடந்த 1944-ல், அதே மாநிலத்தின் பல்கலைக்கழக அணிக்காக ஆடி அவர் தேசியக் கல்லூரிப் பட்டத்தை வென்றார். அடுத்து ராணுவம். ஜப்பானுக்கு அனுப்பப்பட்டு, குண்டு விழுந்த ஹிரோஷிமாவில் மக்களைப் பேட்டி காணும் பணியில் இருந்தார். இருபதைத் தாண்டிய ஒரு பையனுக்கு அது எப்படிப்பட்ட வேலையாக இருந்திருக்கும்! அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் கனமாகத் தெரியும் பகுதி இதுதான். ஆட்டப் புள்ளிவிவரத்தில் இதற்கு இடமில்லை.

திரும்பி வந்து மறுபடி கல்லூரி அணி. 1947-ல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் நடந்த தேசிய அழைப்புப் போட்டியின் இறுதியாட்டத்தில், கென்டக்கி பல்கலைக்கழக அணியின் நட்சத்திரம் ரால்ஃப் பியர்டை ஒரு புள்ளிக்கு மேல் எடுக்கவிடாமல் மடக்கினார். 5 அடி 7 அங்குலம் உயரமுள்ள அவரை நிக்ஸ் தேர்ந்தெடுத்தது. பின்னாளில் என்பிஏ என்ற பெயரில் அமெரிக்காவின் முதன்மைக் கூடைப்பந்து லீக் ஆன அந்த லீகில் ஆடிய முதல் வெள்ளையரல்லாத வீரர் அவர். கறுப்பின வீரர்கள் உள்ளே வந்தது 1950-ல்தான்.

மூன்று ஆட்டத்தில் அனுப்பிவிட்டார்கள். நிறம்தான் காரணமா என்ற கேள்வி அவரைக் கடைசிவரை தொடர்ந்தது. அணியில் தான் ஆடிய கார்டு (பந்தைக் கடத்தி ஆட்டத்தை நடத்துபவர்) இடத்தில் ஆடுபவர்கள் அதிகமாக இருந்தார்கள், சக வீரர்கள் தன்னிடம் பாகுபாடு காட்டவில்லை என்றே அவர் சொல்லிவந்தார். அனுப்பும் தரப்பில் உட்கார்ந்திருப்பவள் என்பதால் எனக்கு ஒன்று தெரியும்: போகிறவரிடம் முழுக் காரணத்தையும் அநேகமாக யாரும் சொல்வதில்லை. நிக்ஸ் நிர்வாகத்தின் மனதில் என்ன இருந்தது என்பதற்கு மிசாகாவின் பெருந்தன்மை சாட்சியாகாது. ஆனாலும் நெஞ்சில் கசப்பை வளர்க்காமல் அவர் அதைக் கடந்த விதத்தை மதிக்கிறேன். அவரைப் படித்ததிலிருந்து, சீக்கிரம் முடிந்த வேலையைப் பற்றிக் கேட்டால், அதற்கு முன்னும் பின்னும் என்ன செய்தார்கள் என்றும் சேர்த்தே கேட்கிறேன்.

அவர் பின்னால் செய்தது இது. ஊர் ஊராகச் சென்று ஆடும் புகழ்பெற்ற ஹார்லெம் குளோப்ட்ராட்டர்ஸ் குழு கூப்பிட்டது. 23 வயது, ஆட்டம் இன்னும் கையில் இருக்கிறது, போகாமல் இருப்பது எளிதல்ல. அவர் மறுத்துவிட்டு யூட்டாவுக்குத் திரும்பினார், பொறியியல் பட்டத்தை முடித்தார். சால்ட் லேக் சிட்டியில் பொறியாளராகப் பல பத்தாண்டுகள் வேலை பார்த்தார். 2019 நவம்பரில், 95 வயதில் காலமானார்.