குழந்தை வாய் வைக்காமலே பால் ஊறியது

31 வாரத்தில் பிறக்கும் குழந்தைக்கு உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் ஒழுங்காகச் சேர்த்துச் செய்ய வராது. பெரும்பாலும் கர்ப்பக் கணக்கில் 34 வாரத்தையொட்டித்தான் அது கைகூடும். என் மகள் 1,380 கிராம். வாய் வழியாக வயிற்றுக்குள் விட்ட மெல்லிய குழாயில்தான் அவளுக்குப் பால் போனது. எனக்கு பிரஷர் ஏறி அவசர சிசேரியன். நான் வார்டில், அவள் பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவான என்ஐசியுவில். பிள்ளை சப்பினால்தான் பால் ஊறும் என்பார்கள். சப்பப் பிள்ளை பக்கத்தில் இல்லாதபோது அந்த வேலையைக் கையும் பம்பும்தான் செய்தாக வேண்டும்.

முதலில் கைதான். அறுவை சிகிச்சை முடிந்த சில மணி நேரத்திலேயே ஒரு சிஸ்டர் சின்னக் கிண்ணமும் ஊசியில்லாத 1 மில்லி சிரிஞ்சும் கொண்டு வந்தார். சீம்பால் கெட்டியானது, அளவும் கொஞ்சம். பம்பில் போட்டால் குழாயிலும் புனலிலும் ஒட்டிக்கொண்டே வீணாகிவிடும் என்றார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காம்பைப் பிடிக்கக் கூடாது, கருவட்டத்தின் ஓரத்தில் இருக்க வேண்டும். முதலில் நெஞ்சுப் பக்கம் உள்ளே அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் சேர்த்து அமுக்கி, விட வேண்டும். தோலில் தேய்க்கவே கூடாது. கொஞ்ச நேரம் எதுவும் வராது; அப்புறம் மஞ்சளாக ஒரு சொட்டு காம்பு நுனியில் வந்து நிற்கும். அதை சிரிஞ்சால் உறிஞ்சி எடுக்க வேண்டும். அரை மில்லிகூடத் தேறவில்லை. “இதப் போயா குடுத்து விடுறது?” என்றார் அம்மா. சிஸ்டர் அதைப் பத்திரமாக வாங்கிக்கொண்டு போனார். குழாயில் பால் கொடுக்க ஆரம்பிக்கும் முன்பே அந்தச் சொட்டுகளைப் பஞ்சில் தொட்டு அவள் கன்னத்தின் உள்பக்கம் தடவினார்கள். நோய் எதிர்ப்புக்கு அது முதல் மருந்து மாதிரி.

குறைமாதப் பிரசவம், சிசேரியன், பிரஷர் என எல்லாம் சேர்ந்தால் பால் இறங்கத் தாமதமாகலாம். எனக்கும் தாமதமானது. அதற்குள் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இழுக்கும் மின்சார பம்பை வாடகைக்கு எடுத்துவிட்டோம். ஒரு நாளைக்கு 8 தடவை, ஒவ்வொரு தடவையும் 15 முதல் 20 நிமிடம், இரவில் ஒன்றைத் தவறவிடவே கூடாது என்றார்கள். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் இரவில்தான் கூடுதலாக இருக்கும். இன்னொன்று, மார்பில் பால் தேங்கி நின்றால் ‘இது போதும்’ என்று உடம்பே உற்பத்தியைக் குறைத்துவிடும். எடுத்தால்தான் ஊறும்.

மூன்று மணிக்கொரு முறை என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் டாக்டர் ரவுண்ட்ஸ், பார்க்க வரும் உறவினர் என்று ஏதாவது ஒன்றில் தவறிவிடும். நான் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டேன். எப்படியாவது அன்றைக்குள் எட்டுக் கோடு வந்துவிட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. சில நேரம் இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒன்றரை மணி நேரம்தான் இருக்கும். பரவாயில்லை. ஒவ்வொரு முறையும் எத்தனை மில்லி என்று பார்த்தால் மனசு உடைந்துவிடும். கோட்டைப் பார்த்தால் உடையாது.

பம்பின் புனல் அளவைப் பற்றி யாரும் தானாகச் சொல்வதில்லை. பெட்டியோடு வந்தது 24 மில்லிமீட்டர். காம்பைச் சுற்றியிருந்த தோலும் சேர்ந்து உள்ளே போய் எரிச்சலெடுத்தது. 21க்கு மாற்றியதும் வலி போனது, பாலும் கூடியது. வலித்தால் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை, புனலை மாற்றிப் பாருங்கள். இழுவையை முழுசாகக் கூட்டினால் பால் அதிகம் வரும் என்பதும் உண்மையில்லை. பம்ப் ஓடும்போதே கையால் மார்பை நீவி அமுக்கிக்கொடுத்து, நிறுத்தியபின் இரண்டு நிமிடம் கையால் பீய்ச்சினேன். கடைசியில் வருவது கொழுப்பு கூடிய பால், எடை ஏற வேண்டிய குழந்தைக்கு அது வேண்டும், வீணாக்கக் கூடாது.

அத்தை பால் சுறா புட்டும் பூண்டுக் குழம்புமாகக் கொடுத்தார். ருசிக்காகவும் பசிக்காகவும் நன்றாகவே சாப்பிட்டேன். ஆனால் புட்டு சாப்பிட்ட நாளும் சாப்பிடாத நாளும் பால் ஒரே மாதிரிதான் வந்தது. மாற்றம் தெரிந்தது வேறொன்றில். மகளை என் நெஞ்சோடு தோல் படக் கட்டி வைத்துக்கொள்ளும் கங்காரு பராமரிப்பு முடிந்த கையோடு அங்கேயே உட்கார்ந்து எடுத்தால் எப்போதையும்விட அதிகம் வந்தது.

பதினான்காம் நாள் வாக்கில் நாளுக்கு 500 மில்லி வர வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. அவள் குடித்ததோ 200க்குச் சற்று மேல். ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது: ஆரம்ப வாரங்களில் சுரப்பு எந்த அளவுக்கு ஏறுகிறதோ அதுதான் பின்னாளுக்கும் அடிப்படை, குழந்தையும் இதே எடையில் நின்றுவிடப் போவதில்லை. அதுவரை பற்றாக்குறைக்கு ஆஸ்பத்திரியின் தாய்ப்பால் வங்கிப் பால் கொடுத்தார்கள். ரத்தப் பரிசோதனை செய்த தாய்மாரிடம் வாங்கி, 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கிய பால் அது. யாரோ ஒருத்தி பால் என்று அம்மா முகம் சுளித்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குறைமாதக் குழந்தையின் குடலுக்குப் பவுடர் பாலைவிட அது எவ்வளவோ மேல்.

நான் டிஸ்சார்ஜ் ஆனபின் வீட்டில் எடுத்ததைப் பெயர், தேதி, நேரம் எழுதி ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து என் கணவர் கொண்டுபோய்க் கொடுப்பார். கரண்ட் போனால் கைப் பம்ப், அதுவும் இல்லாவிட்டால் கை.

34 வாரம் தாண்டியதும் குழாயிலிருந்து பாலாடைக்கு, அதாவது பால் புகட்டும் மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்துக்கு, மாறினாள். கூடவே, பம்ப் போட்டு மார்பைக் காலியாக்கிவிட்டு அவளைச் சப்ப விட்டார்கள். பால் பீறிட்டுப் புரையேறாமல் பழகுவதற்காக. பிறகு நிஜமாகவே குடித்தாள், ஆனால் ஐந்து நிமிடத்தில் களைத்துத் தூங்கிவிடுவாள். வீட்டுக்கு வந்ததும் பம்பைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றார் அவர். வேண்டாம் என்று இன்னொரு மாதம் வாடகையை நீட்டித்தோம். அவள் குடித்து முடித்ததும் மிச்சத்தை எடுத்துப் பாலாடையில் கொடுத்தேன். எடை நாளுக்கு 25, 30 கிராம் என்று சீராக ஏறத் தொடங்கிய பிறகுதான் பம்பைக் குறைத்தேன். அதுவும் ஒரேயடியாக நிறுத்தினால் பால் கட்டிக்கொள்ளும் என்பதால், சில நாளுக்கு ஒரு தடவை வீதம், இரவு எடுப்பதைக் கடைசியாக வைத்துக்கொண்டு.