ஏஎல்டி ஏறினால் மருந்து போச்சு: பார்கின்சன் சோதனைகளின் முதல் கட்டம்

எம்சிசி950 என்ற மருந்து மூலக்கூறை விட்டுவிட்டு பார்கின்சனுக்கான அழற்சி எதிர்ப்பு மருந்துகளைப் பற்றிப் பேசவே முடியாது. மூளையின் நோயெதிர்ப்பு செல்களான மைக்ரோக்ளியாவில், ஆல்ஃபா-சினுக்ளின் என்ற புரதத்தின் படிவுகள் என்எல்ஆர்பி3 என்ற இன்னொரு புரதத்தைக் கிளப்பிவிடுகின்றன. எம்சிசி950 போல அந்த என்எல்ஆர்பி3-ஐ அடைத்தால், அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1 பீட்டா வெளியேறுவது குறையும். 2018-ல் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட ஆய்வில், எம்சிசி950 கொடுத்த எலிகளில் டோபமைன் செல்கள் அழிவது குறைந்தது. ஆனால் இதே மூலக்கூறை ஃபைசர் முன்பே முடக்குவாதத்துக்காக மனிதர்களிடம் சோதித்து, கல்லீரல் நொதிகள் ஏறியதால் இரண்டாம் கட்டத்தில் நிறுத்தியிருந்தது.

ஆகவே இந்த வகையில் புதிதாக எது வந்தாலும் முதலில் கேட்பது, ரத்தத்தில் ஏஎல்டி என்ற கல்லீரல் நொதி எவ்வளவு என்றுதான். இயல்பின் மேல் எல்லையைப் போல ஏஎல்டி மூன்று மடங்கையும் பிலிரூபின் என்ற பித்த நிறமி இரண்டு மடங்கையும் தாண்டி, பித்தநாள அடைப்பும் இல்லையென்றால் மருந்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஏஎல்டி மட்டும் ஏறினால் அவசரப்படக் கூடாது. முதல்நாள் ஜிம்மில் கனம் தூக்கியவருக்கும் அது ஏறும். தசை நொதியான கிரியாட்டின் கைனேஸும் கூடவே உயர்ந்திருந்தால் தசைதான் காரணமாக இருக்கலாம்.

முதல் கட்டத்தில் தன்னார்வலர்களுக்கு மருந்தின் அளவைப் படிப்படியாக ஏற்றுவார்கள். பொதுவாக ஒரு அளவுக்கு எட்டுப் பேர்: ஆறு பேருக்கு மருந்து, இரண்டு பேருக்குப் போலி மாத்திரை. முதல் நாள் ஒருவருக்கு மருந்து, ஒருவருக்குப் போலி. மற்றவர்களுக்குக் குறைந்தது 24 மணி நேரம் கழித்து. 2006-ல் லண்டனில் டிஜிஎன்1412 மருந்தை ஆறு பேருக்குச் சில நிமிட இடைவெளியில் அடுத்தடுத்து ஏற்றினார்கள்; ஆறு பேரும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள்.

மருந்து மூளைக்குப் போகிறதா என்று அறிய முதுகுத் தண்டுவட நீர் எடுப்பார்கள். அதிலுள்ள அளவை ரத்தத்தின் மொத்த மருந்தோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பும். புரதத்தோடு ஒட்டாத பகுதியோடுதான் ஒப்பிட வேண்டும். ஊசி குத்தும்போது ரத்தம் கலந்த மாதிரியை நம்பக் கூடாது. மருந்து வேலை செய்கிறதா என்பதற்குத் தனிச் சோதனை: தன்னார்வலரின் ரத்தத்தை எல்பிஎஸ் (பாக்டீரியா உறையிலுள்ள பொருள்), ஏடிபி (செல்களின் ஆற்றல் மூலக்கூறு) கொண்டு தூண்டி இன்டர்லூக்கின்-1 பீட்டாவை அளப்பது. அதை 90 சதவீதம் அடக்கும் செறிவு, அடுத்த வேளை மாத்திரைக்குச் சற்று முன்பும் தண்டுவட நீரில் இருந்தால் நல்லது.

நோயாளிகளிடம் வரும்போது, அவர்கள் வழக்கமாக எடுக்கும் பார்கின்சன் மருந்தான லெவோடோபாவின் அளவை இடையில் மாற்றக் கூடாது. படுத்தும், எழுந்து நின்று மூன்று நிமிடத்திலும் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். நின்றதும் மேல் அளவு 20 மி.மீ. பாதரசம் குறைந்தால் பதிவு செய்ய வேண்டும், பார்கின்சனே அதைச் செய்யும் என்றாலும். பலர் கோட்டைவிடுவது, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற புரத அளவில். மருந்தே அதை இறக்கிவிடுவதால், உள்ளே நிமோனியா இருந்தாலும் அறிக்கை சுத்தமாக வரக்கூடும். காய்ச்சல், இருமல் என்று நோயாளி சொன்னால் அந்த எண்ணைப் பார்த்து வீட்டுக்கு அனுப்பாதீர்கள், எக்ஸ்ரே எடுங்கள்.