மூன்றேகால் லட்சத்துக்கு ஒரு ஃபிகோ

பொள்ளாச்சியிலிருந்து கோவைக்கு வேலைக்குப் போய் வர தினமும் 80 கிலோமீட்டர். ரொம்ப நாள் பஸ், அப்புறம் அப்பாவின் ஆல்டோ. ஆல்டோவைக் குறை சொல்லக் கூடாது, சோறு போட்ட வண்டி. ஆனால் ஏசியைப் போட்டுக்கொண்டு ஒரு லாரியைத் தாண்ட வேண்டுமென்றால் குலதெய்வத்தையும் துணைக்குக் கூப்பிட வேண்டியிருந்தது. போன வருடம் முடிவு செய்தேன்: 4 லட்சத்துக்குள், ஓட்ட ஆசையாக இருக்கிற ஒரு பழைய வண்டி. 4 லட்சம் என்பது வாங்கும் விலை இல்லை. வாங்கி, ஒர்க்‌ஷாப்பில் விட்டு, செய்ய வேண்டியதெல்லாம் செய்து வெளியே எடுக்கும்போது ஆகும் மொத்தத் தொகை.

என் பாதையில் பெரும்பாலும் 30க்கும் 80க்கும் நடுவில்தான் வண்டி போகும். 120ல் என்ன செய்யும் என்பதைப் பற்றி எனக்கென்ன? இரண்டாவது, மூன்றாவது கியரில் மிதித்ததும் இழுக்கிறதா, வளைவில் சொன்ன பேச்சு கேட்கிறதா, அவ்வளவுதான். தினமும் ஓடும் தூரத்துக்கும் டீசல்தான் ஒத்துவந்தது. அதனால் பட்டியலில் நின்றவை நான்கு: மாருதி ஸ்விஃப்ட் டீசல், ஃபியட் புன்ட்டோ, ஃபோக்ஸ்வேகன் போலோ, ஃபோர்டு ஃபிகோ 1.5.

ஸ்விஃப்ட்டில்தான் ஆரம்பித்தேன். கோவையில் ஒரு கார் கன்சல்டிங். 2014 மாடல், சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி. (பழைய கார் விற்கும் இடத்தில் எல்லா வண்டியையும் டாக்டர்தான் ஓட்டியிருப்பார். ஆஸ்பத்திரிக்கு எப்போது போனாரோ.) போய்ப் பானெட்டைத் தொட்டால் சூடு. வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். டீசல் வண்டியின் உடம்பு எப்படி என்று காலையில் முதல் ஸ்டார்ட்டில்தான் தெரியும், அதை மறைத்துவிட்டார்கள். கூட வந்த மெக்கானிக் அண்ணன் எதுவும் பேசாமல் டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். உள்ளே சுற்றியிருந்த பகுதியில் ஒரு கோடு போல மண் கறை. சீட் ரெயிலில் துரு. பதிவு எண் சென்னை. "2015 டிசம்பர்ல குளிச்ச வண்டி கண்ணு, வா போலாம்" என்றார். வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கழுவி, சென்ட் அடித்து, ஊர் மாற்றி விற்பது புதிதில்லை. சீட் கவரை மாற்றுகிறவர்கள் பெல்ட்டின் அடியைக் கழுவ மறந்துவிடுகிறார்கள்.

புன்ட்டோவை நினைத்தால் இன்னும் மனசு கேட்கவில்லை. ஸ்விஃப்ட்டில் இருக்கும் அதே ஃபியட் 1.3 எஞ்சின்தான், ஆனால் அந்த ஹைட்ராலிக் ஸ்டீயரிங்! ரோட்டில் கிடக்கும் கல்லைக்கூடக் கையில் சொல்லும். எஞ்சின் சாமானுக்குக் கவலையில்லை, ஸ்விஃப்ட் புண்ணியம். ஆனால் ஹெட்லைட், பம்பர், கண்ணாடியெல்லாம் கிடைக்குமா? அண்ணன் இரண்டு இடங்களுக்குப் போன் போட்டுப் பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை வண்டியா வச்சுக்க. தினம் ஓட்ட வேண்டாம்" என்றார். போலோ விலையிலேயே தாண்டிவிட்டது.

மிச்சம் ஃபிகோ. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. அந்தப் பயத்தில் எல்லோரும் ஒதுங்க, என் போன்றவனுக்கு விலை எட்டியது. 2016 மாடல், 82 ஆயிரம் கிலோமீட்டர், ஈரோட்டில் நேரடி ஓனர். முந்தின நாளே போனில், "நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று கேட்டுக்கொண்டோம். போய்ப் பானெட்டைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. ஒரே சாவியில் பிடித்தது, புகை இல்லை. கதவு ரப்பரை இழுத்துப் பார்த்தோம், கம்பெனி வெல்டிங் புள்ளிகள் அப்படியே இருந்தன, பெரிய அடி பட்ட வண்டி இல்லை. முன்பக்க ஃபெண்டர் போல்ட் ஒன்றில் மட்டும் ஸ்பேனர் தழும்பு, அதாவது கழற்றி மாட்டிய அடையாளம். கேட்டதும் சுவரில் உரசிய கதையை அவரே சொன்னார். டயரில் நான்கு இலக்க எண் 1417, அதாவது 2017ன் 14வது வாரம். நான்கும் மாற்ற வேண்டும். டைமிங் பெல்ட் மாற்றியதற்கு பில் இல்லை. இரண்டையும் சொல்லி 25 ஆயிரம் குறைத்தோம், 3.25 லட்சம்.

ஓட்டிப் பார்த்ததைச் சொல்லவில்லையே. ஸ்டீயரிங் லேசு, புன்ட்டோ மாதிரி பேசாது. ஆனால் ஆயிரம் கிலோவைக் கொஞ்சமே தாண்டும் சின்ன உடம்பில் 100 குதிரைத் திறன், 215 நியூட்டன் மீட்டர் இழுவை. மூன்றாவது கியரில் 40ல் போய்க்கொண்டே மிதித்தேன். எனக்கு வந்த சிரிப்பைப் பார்த்து அண்ணன், "ஓனர் முன்னாடி சிரிக்காத, விலை ஏத்திருவாரு" என்றார்.

பேப்பர் வேலைதான் நாக்கு தள்ள வைத்தது. கடன் எப்போதோ முடிந்திருந்தும் ஆர்.சி.யில் பேங்க் பெயர் அப்படியே இருந்தது. கடன் முடிந்ததற்கு பேங்க்கிடம் ஓனர் வாங்கி வைத்திருந்த என்.ஓ.சி. காலாவதி. புதிதாக வாங்கி, படிவம் 35 கொடுத்து ஹெச்.பி. (ஆர்.சி.யில் இருக்கும் கடன் பதிவு) கேன்சல் ஆக மூன்று வாரம். அரசின் பரிவாகன் இணையதளத்தில் பார்த்தால் இரண்டு அபராதம் பாக்கி, அதை அவரே கட்டினார். பிறகுதான் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30. பெயர் மாற்றத்தை "அப்புறம் பாத்துக்கலாம்" என்று விடுகிறவர்கள் உண்டு. விபத்து நடந்தால் ஆர்.சி.யில் பெயர் இருப்பவர்தான் ஓனர் என்று உச்ச நீதிமன்றம் 2018லேயே சொல்லிவிட்டது. நான் முழுப் பணத்தைத் தராமல் 20 ஆயிரம் நிறுத்தி வைத்திருந்தேன், ஆர்.சி. கைக்கு வந்த அன்று அனுப்பினேன். இன்ஷூரன்ஸ் மாற்றும்போது ஒரு குட்டி அதிர்ச்சி: நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் கேட்காமல் இருந்ததற்கான தள்ளுபடி, பழைய ஓனருடையது, வண்டியோடு வராது. வித்தியாசத்தை நான் கட்ட வேண்டியிருந்தது.

"டீசல் வண்டி பத்து வருஷம்தானாமே?" என்று அப்பா கேட்டார். அது டெல்லிப் பக்கத்துக் கதைப்பா, இங்கே 15 வருடம் முடிந்ததும் எஃப்.சி. காட்டி 5 வருடத்துக்குப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்றேன். நம்பவில்லை.

டைமிங் பெல்ட், நான்கு டயர், லோயர் ஆர்ம் புஷ், ஆயில் எல்லாம் சேர்த்து 58 ஆயிரம். நினைத்த கணக்குக்குள் அடங்கிவிட்டது. லிட்டருக்கு 20 தருகிறது, மிதிக்காமல் ஓட்டினால். நான் மிதிக்காமல் ஓட்டுவதில்லை.

முதல் ஞாயிறு அப்பாவையும் ஏற்றிக்கொண்டு ஆழியாறு தாண்டி வால்பாறை மலை ஏறினேன். மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவதில் அணை தெரியும் இடத்தில் நிறுத்தினேன். அப்பா அணையைப் பார்க்கவில்லை. டேஷ்போர்டில் காதை வைத்து, "இங்க என்னமோ கடகடங்குதே" என்றார். அது இன்னும் கடகடக்கிறது.