மலைல செத்தவரை டவுன்ல தேடிட்டு இருந்தோம்

எங்க ஆயாவுக்கு இப்ப 82 வயசு. அவங்க அப்பா எப்ப செத்தாருன்னு கேட்டா எப்பவும் ஒரே பதில்தான், "நந்தன வருஷம் ஆடி, குகை வண்டி வேடிக்கை முடிஞ்சு மறுநாள் சேதி வந்துச்சு கண்ணு". குகைங்கறது சேலத்துல ஒரு பகுதி, வண்டி வேடிக்கை அங்க ஆடித் திருவிழாவுல நடக்கறது. அதுக்கு மேல எதுவும் கிடையாது. தேதி தெரியாது, போட்டோ இல்ல, சமாதி எங்கன்னும் தெரியாது. என்ன திதின்னு தெரியாததால எழுபது வருஷமா ஆடி அமாவாசைக்கு எல்லாரோடயும் சேத்து அவருக்கும் படைச்சுட்டு இருந்தோம். ஆயா கண்ணு நல்லா இருக்கும்போதே அந்தத் தேதியைக் கண்டுபிடிச்சுடணும்னு எனக்கு ரெண்டு வருஷமா மனசுல ஓடிட்டே இருந்துச்சு.

நந்தன வருஷம்ங்கறது சாதாரண விஷயம் இல்லைங்க, அதுதான் எனக்குக் கிடைச்ச பெரிய துப்பு. தமிழ் வருஷம் 60க்கு ஒருதடவை சுத்தி வரும், 2012-13 நந்தன வருஷம், அதுக்கு முந்தினது 1952-53. ஆடின்னா ஜூலை பாதியில இருந்து ஆகஸ்ட் பாதி வரைக்கும். ஆக 1952ல அந்த ஒரு மாசம்தான். இறப்புப் பதிவேட்டைத் தேடச் சொன்னா வருஷத்துக்கு இவ்ளோன்னு தேடுதல் கட்டணம் வாங்குவாங்க, பத்து வருஷத்தைப் புரட்டச் சொன்னா காசும் ஏறும், தேடுறவங்களுக்கும் சலிப்பு வந்துடும். அதனால வருஷத்தை வீட்லயே சுருக்கிட்டுப் போங்க. வருஷமே தெரியலைன்னா பழைய பத்திரத்தை எடுத்துப் பாருங்க, அதுல "காலஞ்சென்ற இன்னார் குமாரர்"னு இருந்தா அந்தப் பத்திரத் தேதிக்கு முன்னாடியே அவர் போயிட்டாருன்னு அர்த்தம். சேலம் அம்மாபேட்டைல இருக்கற எங்க வீட்டுப் பாகப்பிரிவினைப் பத்திரம் 1955ல எழுதினது, அதுல தாத்தா (ஆயாவோட அப்பாவைத்தான் தாத்தான்னு சொல்றேன்) பேருக்கு முன்னாடி காலஞ்சென்றன்னு போட்டிருந்ததால ஆயா சொன்ன கணக்கு சரின்னு தைரியம் வந்துச்சு. கருமாதி பத்திரிகை, சாவுச் செலவு எழுதி வச்ச நோட்டு ஏதாவது இருந்தாலும் விடாதீங்க.

முதல்ல டவுன் பதிவேட்டுக்குத்தான் எழுதிப் போட்டேன். குடும்பம் அம்மாபேட்டை, தறி அம்மாபேட்டை, அப்ப சாவும் இங்கதான் பதிவாகி இருக்கும்னு நெனச்சுட்டேன். கொஞ்ச நாள் கழிச்சு பதிவு இல்லைன்னு சான்று குடுத்தாங்க, "நான்-அவைலபிலிட்டி" சர்டிபிகேட்னு சொல்வாங்களே அது. அன்னைக்கு சாயந்திரம் அதை ஆயாகிட்ட படிச்சுக் காட்டினா அவங்க ரொம்ப சாதாரணமா சொல்றாங்க, "அவரு மேல மலைலதானே போனாரு, அங்கயேதான் பொதச்சாங்க, இங்க எப்படி இருக்கும்". இத்தன வருஷத்துல எங்க செத்தாருன்னு நாங்க யாருமே அவங்களைக் கேட்டதில்ல. அப்ப கைத்தறித் துணி விக்காம நெசவாளிங்க ரொம்ப நொடிஞ்சு போயிருந்த காலம், தாத்தா தறியை நிறுத்திட்டு ஏற்காட்டுல ஒரு காப்பி எஸ்டேட்டுக்கு களை எடுக்கிற வேலைக்குப் போயிருக்காரு, போனவரு எறங்கி வரல.

இதை மட்டும் நல்லா மனசுல வச்சுக்கங்க, சாவு எங்க நடந்துச்சோ அந்த ஊர்ப் பதிவேட்டுலதான் ஏறும், சொந்த ஊர்ல ஏறாது. இன்னைக்கும் இதேதான், சேலத்து ஆஸ்பத்திரில செத்தா ஆளு எந்த ஊர்க்காரரா இருந்தாலும் சேலத்துலதான் பதிவு.

நம்ம பக்கம் சாவைப் பதியறது நேத்து வந்த பழக்கம் இல்ல. மெட்ராஸ் மாகாணத்துக்குன்னு 1899லயே பிறப்பு இறப்பு பதிவுச் சட்டம் வந்துடுச்சு, இப்ப நடைமுறைல இருக்கறது 1969ம் வருஷத்து மத்திய சட்டம். கிராமங்கள்ல மணியக்காரருங்கதான் எழுதிட்டு இருந்தாங்க, 1980ல பரம்பரை மணியம் கர்ணம் எல்லாம் எடுத்தப்புறம் அந்த வேலை விஏஓ கைக்கு வந்துச்சு. பழைய கிராமப் பதிவேடுங்களுக்கு தாலுகா ஆபீஸ், சார்பதிவாளர் ஆபீஸ் ரெண்டுலயும் கேட்டுப் பாக்கணும். ஆன்லைன்ல இருக்கறது சமீபத்துல பதிஞ்சதுதான், 1952 எல்லாம் நேர்ல போனாத்தான் ஆகும்.

போனா முதல் கேள்வி "நீங்க யாரு, வாரிசு சான்று இருக்கா". அதுக்கெல்லாம் பயந்து திரும்பி வந்துடாதீங்க. 1969 சட்டம் 17வது பிரிவு, யார் வேணாலும் பதிவேட்டைத் தேடச் சொல்லி நகல் கேக்கலாம். ஆனா அதே பிரிவுலயே இன்னொண்ணும் இருக்கு, இறப்புச் சான்றுல சாவுக்கான காரணத்தைப் போட்டுத் தர மாட்டாங்க. குளிர் காய்ச்சல்னு ஆயா சொல்றாங்க, பாம்பு கடிச்சதுன்னு பெரியப்பா சொல்றாரு, அந்தக் கேள்விக்குச் சான்றுல பதில் இல்ல.

அடுத்து ஏற்காட்டுப் பதிவேட்டைத் தேடிப் போனேன். அதை எனக்கு எடுத்துக் குடுத்தவர் ஒரு நடுவயசு கிளார்க், பொறுமையான மனுஷன். துணி பைண்டிங், முதுகு பிரிஞ்சு நூல் தொங்குது, மசி காவிக் கலர்ல மங்கிப் போயிருக்கு. தாளு ஓரம் பொடிப்பொடியா உதிருதுன்னு கைல எடுத்துத் தள்ளாம ஒரு அட்டையை அடியில விட்டு விட்டுத்தான் ஒவ்வொரு பக்கமா திருப்பினாரு. நான் சொன்ன பேரு கிடைக்கல. ரெண்டாவது தடவை தாத்தாவோட அப்பா பேரை வச்சுப் பாருங்கன்னு கேட்டேன், பாத்தாரு, இருந்துச்சு! வீட்ல தாத்தா பேரு "சாமி"ன்னு முடியும், அங்க சாமி இல்லாம "ன்"னு முடிஞ்சிருக்கு (பேரை இங்க எழுத வேண்டாம்னு ஆயா சொல்லிட்டாங்க). அப்பா பேரு சரி, ஊரு சேலம்னு இருக்கு, வயசு 50, செத்த எடம் எஸ்டேட் லைன் வீடு (வேலையாளுங்களுக்கான வரிசை வீடு), 1952 ஆகஸ்ட் 7, பதிஞ்சது 11ந் தேதி. நாலு நாள் கழிச்சு யாரோ ஒருத்தர் அந்த மழைல நடந்து போயி இவருக்காகச் சொல்லிட்டு வந்திருக்காங்க, அது யாருன்னு தெரிஞ்சா அவங்க குடும்பத்தைத் தேடிப் போயி கும்பிட்டுட்டு வருவேன்.

வரும்போது ஏற்காடு ஹோலி டிரினிட்டி சர்ச்சுக்குப் போனேன். ராபர்ட் ப்ரூஸ் ஃபூட், 1863ல பல்லாவரத்துல கற்காலக் கருவியைக் கண்டுபிடிச்சவரு, 1912ல கல்கத்தாவுல இறந்தாரு, அவருக்கு இந்த மலைல நினைவுக் கல்லு இருக்கு. அந்தக் காலத்து வெள்ளைக்காரங்க சாவு விவரம் லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரி வரைக்கும் போயி பத்திரமா இருக்கு. அவங்க தோட்டத்துல களை எடுத்தவங்களுக்கு இருக்கறது உதிர்ற அந்த நோட்டுல ஒரு வரி. அந்த வரியும் போறதுக்குள்ள உங்க வீட்டு ஆளைத் தேடி எடுத்துடுங்க, இதை நான் கெஞ்சியே கேக்கறேன்.

பழைய பஞ்சாங்கம் வச்சிருக்கற ஜோசியர்கிட்ட கேட்டோம், தாத்தா செத்த அந்த ஆகஸ்ட் 7 வியாழக்கிழமை, தேய்பிறை துவிதியை. சான்றை ஆயாகிட்ட படிச்சுக் காட்டினப்ப தேதியை விட்டுட்டாங்க, பேரை மட்டும் இன்னொருக்கா படிக்கச் சொன்னாங்க. "எங்கம்மா அவரைப் பேரு சொல்லிக் கூப்புட்டதே இல்ல கண்ணு, மலைல இப்படித்தான் கூப்புட்டிருக்காங்க"ன்னு சொல்லிட்டு அந்தப் பேரை அவங்களே மெதுவா ரெண்டு தடவை சொல்லிப் பாத்தாங்க.