பெயர்ப் பலகையில் ஓர் எண்

மருத்துவ உளவியலாளராக, அதாவது மனநலச் சிக்கல்களுக்கு மாத்திரை இல்லாமல் பேசிச் சிகிச்சை தருபவராக, தொழில் தொடங்க கோபியில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்திருக்கிறேன். போன வாரம் பெயர்ப் பலகை வந்தது. அப்பாரு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். பெயர், படிப்பு, அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஓர் எண்.

"இது என்ன அம்மணி, போன் நம்பரா?"

இல்லை அப்பாரு. எங்கள் தொழிலுக்குப் பதிவு தரும் இந்திய மறுவாழ்வு கவுன்சில் எனக்குக் கொடுத்த பதிவு எண். அதற்கு ஏழு ஆண்டுகள் ஆயின. இளங்கலை மூன்று, முதுகலை இரண்டு. அத்தோடு போர்டு மாட்டிவிடலாம் என்றுதான் ஊரில் எல்லோரும் சொன்னார்கள். மருத்துவ உளவியலில் எம்.ஃபில். இன்னும் இரண்டு ஆண்டுகள் என்றதும் அம்மாவின் முகம் வாடியது. கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் அது. ஆனால் நோயாளியின் எதிரே உட்காரக் கற்றது அந்த இரண்டு ஆண்டுகளில்தான். மனநலப் பிரிவில் காலை முதல் மாலை வரை இருப்போம். நான் எழுதிய ஒவ்வொரு நோயாளிக் குறிப்பையும் மேற்பார்வையாளர் வரிக்கு வரி திருத்துவார். அவசரப்பட்டு ஒருவருக்கு நோயின் பெயரைச் சூட்டிவிடாதே என்று அவர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது.

இத்தனை பிடிவாதத்துக்குக் காரணம் காங்கேயத்துச் சித்தி. அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். சித்தப்பா இறந்தபின் சித்திக்குத் தூக்கம் போயிற்று. மருத்துவர் மாத்திரை கொடுத்திருந்தார். சில வாரச் சான்றிதழ்ப் படிப்பை வைத்துக்கொண்டு ஆலோசனை சொல்லும் ஒருவர், "மனது திடமாக இருந்தால் மாத்திரை எதற்கு" என்று அதை நிறுத்தச் சொன்னார். சித்தி நிறுத்தினார். அடுத்த பத்து நாட்களை எங்கள் குடும்பம் மறக்காது. மாத்திரை எழுதுவதும் நிறுத்துவதும் மனநல மருத்துவரின் வேலை. ஏழு ஆண்டுகள் படித்த எனக்கும் அந்த உரிமை கிடையாது.

பதிவில்லாமல் மருத்துவ உளவியலாளராகத் தொழில் செய்தால் 1992ஆம் ஆண்டு மறுவாழ்வு கவுன்சில் சட்டப்படி ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாய்! சித்தியின் அந்தப் பத்து நாட்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

கலிஃபோர்னியாவில் இருக்கும் அத்தை மகள் இதே தொழிலுக்குத்தான் படிக்கிறாள். அங்கே உரிமம் கொடுப்பது மாநிலம். முனைவர் பட்டம் வேண்டும். மேற்பார்வையில் 3,000 மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும், அதில் 1,500 மணி நேரமாவது பட்டத்துக்குப் பிறகு. உளவியல் தேர்வு ஒன்று, மாநிலச் சட்டமும் தொழில் நெறியும் பற்றிய தேர்வு இன்னொன்று. வேறு மாநிலத்துக்குக் குடிபோனால் அங்கே விதிகள் வேறு. மணிக்கணக்கைக் குறித்துக் குறித்தே நோட்டு தீர்ந்தது என்று அலுத்துக்கொள்கிறாள். குறித்து வை கண்ணு, ஒரு மணி நேரமும் வீணில்லை என்றேன்.

எம்.ஃபில். பட்டத்தையே பல்கலைக்கழக மானியக் குழு கைவிட்டுவிட்டதால் இங்கே பாதை மாறிக்கொண்டிருக்கிறது. இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகள், பணம் கட்டும் முன் அந்தப் படிப்புக்கு மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அப்பாரு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ஈரோடு மஞ்சள் மண்டியில் நாற்பது வருடம் இருந்தவர். "முத்திரை இல்லாத தராசில் ஒரு மூட்டைகூட ஏற்ற மாட்டோம் கண்ணு. இதை ஏன் இவ்வளவு சிறிதாக எழுதியிருக்கிறான்?" என்றார்.

வியாழக்கிழமை பெயிண்டர் மறுபடி வருகிறார்.