கல்லடியும் கண்ணாடியும்

காரின் முன்கண்ணாடியில் கல் தெறித்து உண்டாகும் காயத்தை ஜேர்மன் மொழியில் 'ஸ்டைன்ஷ்லாக்' என்பார்கள். ஸ்டைன் என்றால் கல், ஷ்லாக் என்றால் அடி. மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்துக்கு அருகே பிறந்து வளர்ந்தவனுக்கு, டோட்முண்ட் நகருக்கு வந்து இரண்டு ஆண்டுகளாகியும் நாவில் ஒட்டாதிருந்த இந்த மொழியில், அகராதி பாராமல் விளங்கிய முதற் சொல் அதுவாகத்தான் இருக்கும்.

கார் பழையது, 2018ஆம் ஆண்டுத் தயாரிப்பு. இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரம் இங்கே ஆறு மாதங்களுக்கு மட்டுமே செல்லும் என்பதால், எழுத்துப் பரீட்சையும் ஓட்டப் பரீட்சையும் எழுதித் தேறி, கடந்த நவம்பரில் காரை வாங்கினேன். வாங்கிய வார இறுதியில் அக்கா குடும்பத்தோடு ஹம் நகரிலுள்ள காமாட்சி அம்பாள் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்வித்து, சில்லுகளின் கீழ் எலுமிச்சம்பழம் நசுங்க உருட்டி, முன்கண்ணாடியின் மேல் மூலையில் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு ஏ2 நெடுஞ்சாலையில் திரும்பினோம். காமன் சந்திப்பை நெருங்கும்போது முன்னால் சென்ற லொறியின் பின்சில்லிலிருந்து எதுவோ பறந்து வந்தது. துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம். வலது பக்கக் கண்ணாடியில் நட்சத்திரம் போன்ற ஒரு வெடிப்பு, பத்துச் சதக் காசு அளவில்.

அன்றிரவு தொலைபேசியில் அம்மா, "நாவூறுதான் மனே, செத்தல் மிளகாயும் உப்பும் சுத்திப் போடு" என்றார். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள்; அம்மாவின் கணக்கில் எனக்கு இரண்டும் ஒரே நாளில் பட்டிருந்தன. முப்பது ஆண்டுகளாக இந்த நாட்டில் இருக்கும் அத்தானோ, லொறிக்காரரைத் தேடிப் பயனில்லை, வீதியில் கிடந்த கல்லைச் சில்லு கிளப்பியதற்கு அவரைப் பொறுப்பாக்குவது நடக்காத காரியம், காப்புறுதிக்குத் தொலைபேசி எடு என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

சரியான ஆலோசனை அதுதான். இங்கே எல்லா வாகனங்களுக்கும் கட்டாயமானது 'ஹாஃப்ட்ஃப்ளிஹ்ட்' என்ற காப்புறுதி. அது நாம் பிறருக்கு விளைவிக்கும் சேதத்துக்கு மட்டும் பொறுப்பேற்கும். கண்ணாடி உடைவது, களவு, ஆலங்கட்டி மழை போன்றவை 'டைல்காஸ்கோ' என்ற அடுத்த படியில்தான் வருகின்றன. பழைய கார் வாங்கும் நம்மவர்களில் பலர் கட்டாயமானதோடு நிறுத்திக்கொள்வதுண்டு. என்னை நிறுத்தவிடாமல் டைல்காஸ்கோவையும் எடுக்கச் செய்தவர் அத்தான். அந்தக் காப்புறுதியில் கண்ணாடியை மாற்றுவதானால் முதல் 150 யூரோவை நான் கொடுக்க வேண்டும். காயத்தை அடைத்துச் சரிசெய்வதானால் ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை. காயத்துக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சியெடுத்து, பிசினைச் செலுத்தி, புறஊதா விளக்கால் இறுகச் செய்யும் அந்த வேலைக்கு அரை மணி நேரம் போதும்.

அதற்கும் எல்லைகள் உண்டு. சாரதியின் பார்வைப் பரப்பில், அதாவது சுக்கானுக்கு நேரெதிரே ஏ4 தாளைக் கிடையாக வைத்தால் அது மறைக்கும் 29 சென்ரிமீற்றர் அகலமான பட்டைக்குள், அடைக்கும் வேலை செய்ய அனுமதியில்லை. பிசின் இறுகிய இடத்தில் ஒளி சிதறும் என்பதே காரணம். கண்ணாடியின் விளிம்பை ஒட்டிய காயமும் அப்படித்தான், மாற்றியே ஆக வேண்டும். என் காயம் வலப்பக்கம், விளிம்பிலிருந்து தள்ளி இருந்தது. ஊரிலென்றால் அது சாரதியின் பக்கம். இங்கே சாரதி இருப்பது இடப்புறம் என்பதால் தப்பிவிட்டேன்.

ஆனாலும் நான் தொலைபேசியை எடுக்கவில்லை. நேரில் என்றால் கையால் காட்டலாம், சிரித்துச் சமாளிக்கலாம், எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்து அவர் கேட்பது கேள்வியா பதிலா என்றாவது ஊகிக்கலாம். தொலைபேசியில் வருவது வெறும் ஜேர்மன். நாளைக்கு, அடுத்த கிழமை, நத்தார் விடுமுறை முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். காயத்துக்குள் அழுக்கும் ஈரமும் போகாமல் ஒட்டுவதற்குச் சிறிய வட்ட ஒட்டி ஒன்று விற்கிறார்கள், சாதாரண ஒளிபுகும் ரேப் ஒட்டினாலும் போதும் என்பது பிறகுதான் தெரிய வந்தது.

ஜனவரியில் ஒரு காலை, பூச்சியத்துக்குக் கீழே எட்டுப் பாகை குளிர். எந்திரத்தை ஓடவிட்டுக் காரைச் சூடாக்குவது இங்கே சட்டப்படி குற்றம், அயல்வீட்டு முதியவர் யன்னலிலிருந்து அதைக் கவனித்துக்கொண்டே இருப்பார். எனவே பனியைச் சுரண்டியெடுத்துவிட்டு, விறைத்த விரல்களோடு ஏறி, ஓடத் தொடங்கியதும் சூடு காற்றை முழு அளவில் கண்ணாடியின் மேல் திருப்பினேன். முதற் சந்திக்கு வருமுன் 'டிக்' என்று ஒரு மெல்லிய ஓசை. நட்சத்திரத்திலிருந்து ஒரு கோடு புறப்பட்டு, என் கண் முன்னாலேயே, எறும்பு ஊர்வதுபோல நடுவை நோக்கி வந்து, ஒரு முழ நீளத்தில் நின்றது.

முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளும் அவற்றுக்கிடையே ஒட்டிய ஒரு பிளாஸ்ரிக் படலமும் சேர்ந்தது. அதனால் வெடித்தாலும் சிதறி முகத்தில் விழாது. ஆனால் உட்பக்கம் சூடேறி விரிய, வெளிப்பக்கம் உறைகுளிரில் சுருங்கி நிற்க, அந்த இழுபறிக்கு ஏற்கெனவே இருந்த காயம் வாய் திறந்து கொடுத்துவிட்டது. இலவசமாக முடிந்திருக்க வேண்டியது 150 யூரோவானது என் தொலைபேசிப் பயத்தால் என்பதை அக்காவிடம் நெடுநாள் சொல்லவில்லை.

அன்றே தொலைபேசி எடுத்தேன், சொல்ல வேண்டிய நான்கு வாக்கியங்களைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு. மறுமுனையில் பேசிய பெண் கேட்டது மூன்றே விடயங்கள்: இலக்கத்தகடு, நடந்த நாள், நடந்த இடம். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. கண்ணாடிச் சேதத்தால் விபத்தின்றி ஓட்டியதற்கான சலுகை குறையாது என்று அவராகவே சொன்னார். நான் அதைக் கேட்க எழுதி வைத்திருந்த வாக்கியம் தாளிலேயே கிடந்தது.

கண்ணாடிப் பட்டறையில்தான் கேள்விகள் கூடுதல். ஒரே ரகக் காருக்குப் பல விதமான கண்ணாடிகள் இருக்கின்றனவாம்: மழை உணரி உள்ளதா, பின்பார்வைக் கண்ணாடிக்கு முன்னால் கமெரா உள்ளதா, சூடாக்கும் கம்பிகள் உள்ளனவா. வாகனப் பதிவுப் பத்திரத்தை வாங்கி, அதிலிருந்த சில எண்களைத் தட்டியதும் சரியான கண்ணாடி திரையில் வந்தது. பட்டறையே காப்புறுதியிடம் நேரே பணம் பெற்றுக்கொள்ள ஒரு தாளில் கையொப்பம் வாங்கினார்கள்.

வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்க விட்டார்கள். வைப்பர்களைக் கழற்றி, கண்ணாடியின் அடியிலிருந்த பிளாஸ்ரிக் மூடியை எடுத்து, பழைய பசையினூடே மெல்லிய இழை ஒன்றைச் செலுத்தி, கேக்கை நூலால் அறுப்பதுபோலச் சுற்றிவர அறுத்தார்கள். பழைய பசையை முழுவதும் வழித்தெடுக்காமல், ஓரிரு மில்லிமீற்றர் தடிப்பில் விட்டு, அதன் மேல் புதிய கரும்பசையை முக்கோண வடிவில் ஒரே இழுப்பாக இட்டார் ஒருவர். அந்த வரி எங்காவது அறுந்தால் மழைநீர் உள்ளே வரும் என்றார். விபத்தில் காற்றுப்பை விரியும்போது முன்கண்ணாடியில் முட்டுக்கொடுத்து நிற்கும் என்பதையும், அதனால் பசை இறுகுமுன் காரை எடுக்க விடமாட்டார்கள் என்பதையும் அங்கேதான் அறிந்தேன். பின்னர் கோடுகள் வரைந்த பலகை ஒன்றைக் காருக்கு முன்னால் அளந்து நிறுத்தி, கமெராவுக்குப் புதிய கண்ணாடியினூடாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். மொத்தச் செலவு ஆயிரம் யூரோவைத் தாண்டியது. என் பங்கு 150.

புறப்படுமுன் அந்த மனிதர், சுவரில் சாய்த்து வைத்திருந்த பழைய கண்ணாடியிடம் என்னை அழைத்துப் போனார். அதன் கீழ் மூலையில் இருந்த பச்சை நிறச் சுற்றுச்சூழல் ஒட்டியை, அதாவது புகை மாசு குறைந்த கார் என்பதற்கான அடையாளத்தைக் காட்டி, அது இல்லாமல் டோட்முண்ட் அடங்கிய இந்த ரூர் பகுதிக்குள் ஓடினால் 100 யூரோ தண்டம், பழையதைக் கழற்றி ஒட்ட முடியாது, கார் இலக்கம் எழுதிப் புதியது தருகிறேன் என்றார். பிறகு மேல் மூலையில் உலர்ந்து வெடித்திருந்த சந்தனத்தையும் அதன் நடுவே குங்குமத்தையும் சுட்டி, மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "இதுவும் மறுபடி வேண்டுமா? இது எந்த அலுவலகத்தில் எடுப்பது?"

ஹம்மில் என்றேன்.