வெசுவியஸும் அப்பாயியும்

நேற்று மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அடைமழை. டிவியில் படம் வரவில்லை. சரி என்று கைப்பேசியைத் தடவியபோது, 1944 மார்ச்சில் இத்தாலியின் வெசுவியஸ் எரிமலை வெடித்ததை அமெரிக்கப் படையினர் வண்ணத்தில் எடுத்த படம் கிடைத்தது.

லாவா ஆறுபோல் பாயும் என்றுதான் நினைத்திருந்தேன். இது கரிக்குவியல் நகர்வதுபோல மெதுவாக வருகிறது. மேலே கறுப்பு, வெடிப்புக்குள் செக்கச்சிவப்பு. சான் செபஸ்தியானோ ஊரின் வீடுகளில் சாய்ந்து நிற்கிறது. அப்புறம் சுவர் பொலபொலவென்று விழுகிறது. அருகிலிருந்த அமெரிக்க விமானத்தளத்தில் சுடுசாம்பல் விழுந்து சுமார் 80 பி-25 குண்டுவீச்சு விமானங்கள் பாழாயினவாம். எதிரி ஒரு தோட்டாகூடச் சுடவில்லை!

அந்தக் காலத்து வண்ணப் படச்சுருளான கோடக்குரோம் 1935-இல் வந்தது. சுருளில் சாயமே கிடையாது. மூன்று அடுக்கும் கறுப்பு வெள்ளைதான். கழுவும்போதுதான் ஆய்வகத்தில் சாயம் ஏற்றுவார்கள். கேசரிக்குக் கடைசியில் கலர் போடுகிற மாதிரி.

அப்பாயியிடம் காட்டினேன். மறுநடவுக்கு ரப்பர் பால்மரங்களைச் சாய்த்து எரிப்பதுபோல இருக்கிறது என்றார். எரிமலை வெடித்த வருடம் அவருக்கு ஏழு வயது. சப்பான்காரன் மலாயாவைப் பிடித்து வைத்திருந்த காலம், தோட்டத்து லயத்தில் மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. அதை யாரும் கலரில் எடுத்து வைக்கவில்லை.

"அந்த ஊரு சனமெல்லாம் எங்கய்யா போச்சு?"

"பட்டாளத்து லாரியில ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க அப்பாயி."

"சோறு போட்டானுங்களா?"